ஆட்சேபணை இல்லை

மாவட்ட ஆட்சியரகத்தின் மூன்றாவது மாடியில் நூற்றுப் பன்னிரண்டு நாற்காலிகள் இருந்தன. ஒன்றில் மட்டும் ஆள் இருந்தார். அவர் பெயர் ஆவுடையப்பன், பதவி ஆட்சேபணை அலுவலர். மீதி நூற்றுப் பதினோரு நாற்காலிகளை ஏலம் விடுவதற்கான கோப்பு ஒன்பது வருடமாக நகர்ந்துகொண்டிருந்தது. அரசாங்கத்தில் எல்லாம் மாறிவிட்டது என்று மேடையில் பேசுகிறவர்கள் ஒருமுறை அந்த மாடிக்கு வந்து, தூசி தட்டிவிட்டு, உட்கார்ந்து பார்க்கலாம்.

ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். மாறத்தான் செய்திருந்தது. முன்பெல்லாம் ஒரு மனு தபால் பிரிவில் நுழைந்து, எழுத்தர், கண்காணிப்பாளர், வட்டாட்சியர் என்று மேசை மேசையாகத் தவழ்ந்து, உத்தரவாக வெளியே வருவதற்குள் மனுதாரருக்குப் பேரன் பிறந்திருப்பான். இப்போது எல்லாவற்றையும் ‘தீர்வு’ பார்த்துக்கொண்டது. தீர்வு என்பது ஆளில்லை. கோப்பு பார்க்கும் இயந்திர மூளை. மனுவை அதுவே படிக்கும், விதியை அதுவே தேடும், குறிப்பை அதுவே எழுதும், உத்தரவையும் அதுவே போடும். மொத்தம் நாற்பது நிமிடம். கை நீட்டாது, நாளைக்கு வா என்று சொல்லாது, டீ குடிக்க எழுந்து போகாது. ஜனங்கள் சந்தோஷப்பட்டார்கள். ஆவுடையப்பனும் சந்தோஷப்பட்டார், தன் பிரிவில் இருந்த பதினேழு பேருக்கும் ஒவ்வொருவராக மாலை போட்டு வழியனுப்பி முடிக்கும் வரை.

முதல் வருடத்திலேயே ஏதோ ஒரு மாவட்டத்தில் தீர்வு ஒரு குளத்தைக் காலி மனை என்று முடிவு செய்து தொலைத்தது. வழக்கு நடந்தது. மாவட்டத்துக்கு ஒரு மனிதர் இருக்க வேண்டும், ஒவ்வொரு உத்தரவையும் அவர் கடைசியாகப் பார்க்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர் ‘ஆட்சேபணை உண்டு’ என்று எழுதினால் உத்தரவு அந்த இடத்திலேயே நிற்கும். பதினைந்து நாளுக்குள் ஆள் போய் நேரில் விசாரிக்க வேண்டும். ‘ஆட்சேபணை இல்லை’ என்றால் உத்தரவு ஓடிவிடும்.

அந்த வேலைக்கு ஆவுடையப்பனைப் போட்டதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. கோப்பில் குற்றம் கண்டுபிடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அதற்கு அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்தக் கோப்பானாலும் அலுவலகக் குறிப்பைத் தள்ளி வைத்துவிட்டு மனுதாரரின் மனுவைத்தான் முதலில் படிப்பார். குறிப்பைப் படித்தால் ஆபீஸ் பேசும், மனுவைப் படித்தால் ஆள் பேசும் என்பார். மனுவில் ஆளின் குரல் கேட்கவில்லை என்றால் சிவப்பு மை.

முதல் வருடம் அவர் முந்நூற்றுப் பன்னிரண்டு முறை ஆட்சேபித்தார். அடுத்த வருடம் நாற்பத்தொன்று. அதற்கடுத்து ஆறு. அதன்பின் மூன்று வருடமாக ஒன்றுகூட இல்லை. ‘ஆட்சேபணையற்ற மாவட்டம்’ என்று தலைநகரத்தில் கூப்பிட்டுக் கேடயம் கொடுத்தார்கள். மூன்று கேடயங்களும் கீழே ஆட்சியர் அறையில் வரிசையாக இருந்தன. தீர்வு தேறிவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆவுடையப்பனும் அப்படித்தான் நினைத்தார். அதற்கு ஒரு காரணம் குருவம்மாள்.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. முதலில் இரண்டு அக்காக்களின் கல்யாணம் குறுக்கே நின்றது, பிறகு ஜாதகம் நின்றது, பிறகு வழுக்கை விழுந்தது. அம்மா இருந்தவரை வீட்டில் ஒரு பேச்சுச் சத்தம் இருந்தது. அவள் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. வீட்டிலும் ஆளில்லை, ஆபீஸிலும் ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தொண்டையைச் செருமிப் பார்த்தால்தான் குரல் இருப்பது தெரியும்.

இந்த நிலைமையில்தான் ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ஆலடிப்பாறை ரேஷன் கடையைக் கீழூர்க் கடையோடு சேர்க்கும் கோப்பு வந்தது. மலையடிவாரத்துக் குக்கிராமம். கருத்துக் கேட்டதற்கு ஊர்க்காரி ஒருத்தி அனுப்பிய மனு இப்படி இருந்தது:

“ஐயா, கடையை மாற்றுவதில் எனக்கு மனக்குறை இல்லை. ஒற்றை ஆளுக்கு எவ்வளவு அரிசி வேண்டும்? அவர் போன பிறகு உலை வைப்பதே கடமைக்குத்தான். கீழூர் வரை நடந்தால் நாலு முகம் பார்த்த மாதிரியும் இருக்கும். நாள் முழுக்கக் காகிதத்தோடு உட்கார்ந்திருக்கும் உங்களுக்கும் அப்படித்தானே இருக்கும்? நேரத்துக்குச் சாப்பிடுங்கள். இப்படிக்கு, குருவம்மாள்.”

ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஐம்பத்தாறு வயதில் இதென்ன கூத்து என்று வெட்கமாகவும் இருந்தது. நேரத்துக்குச் சாப்பிடுங்கள் என்று அவரிடம் யாரும் சொல்லி ஒன்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ‘ஆட்சேபணை இல்லை’ என்று எழுதிவிட்டு, எழுந்து போய்ச் சாப்பிட்டார்.

ஆறு மாதம் கழித்து அதே ஊர்த் துணை சுகாதார நிலையத்தை மூடும் கோப்பு வந்தது. குருவம்மாள் மறுபடி எழுதியிருந்தாள். நர்சம்மா வந்து போவது நல்லதுதான், ஆனால் தனியாக இருப்பவளுக்கு வருகிற நோய்க்கு மருந்து அவள் பையில் இல்லை, உங்களுக்கே தெரியும் என்றிருந்தாள். உங்களுக்கே தெரியும்! அந்த ஒரு வரிக்காகக் கடிதத்தை அச்செடுத்து மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். கையெழுத்துப் போட நாற்பது விநாடிகூட ஆகவில்லை.

இப்போது மூன்றாவது. அந்த ஊருக்குப் போகும் ஒரே பஸ்ஸை ஒன்றாம் தேதியோடு நிறுத்திவிட்டு, அழைத்தால் வரும் வேன் விடுவதாகக் கோப்பு. குருவம்மாளின் கடிதம் கடைசியில் இப்படி முடிந்தது: “எங்கே போகப் போகிறேன் ஐயா? என்னைத் தேடி இந்தப் பஸ்ஸில் யாரும் வந்ததில்லை.”

ஆவுடையப்பன் அன்று முழுக்க அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸை நிறுத்திவிட்டால் பிறகு நினைத்தாலும் போக முடியாது.

“நாளைக்கு ஆலடிப்பாறைக்குக் கள ஆய்வுக்குப் போறேன்” என்றார் மேசை மேலிருந்த, கேமராக் கண் வைத்த ஒலிபெருக்கியைப் பார்த்து.

“அவசியமில்லை ஐயா. மனுதாரர் இசைவு கோப்பில் இருக்கிறது” என்றது தீர்வு. அதன் குரல் எப்போதும் நல்ல பிள்ளை மாதிரி இருக்கும்.

“இருக்கட்டும். சும்மா போய்ப் பாத்துட்டு வாரேன்.”

ஆய்வு என்று சொன்னாரே தவிர, ஆய்வுக்குப் போகிறவன் எவனும் இருக்கிற நாலு முடிக்கு எண்ணெய் தடவி, சட்டையை இரண்டு முறை இஸ்திரி போட்டு, முந்திரிக்கொத்து ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு போக மாட்டான். மலைப்பக்கம் சாரல் இருக்கும் என்று குடையையும் எடுத்துக்கொண்டார். பஸ்ஸில் போகும்போது என்ன பேசுவது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தார். நேரத்துக்குத்தான் சாப்பிடுகிறேன் என்று ஆரம்பிக்கலாம் என முடிவு செய்தார்.

வீட்டை எளிதில் கண்டுபிடித்துவிட்டார். வாசலில் ஆட்டுக்குட்டி கட்டியிருந்தது. ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண் சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு கிடந்தது. வேறு யாரோ என்று நினைத்தார்.

“குருவம்மாள்ங்கறது...”

“நாந்தான். நீங்க யாரு? கணக்கெடுக்க வந்தியளா?”

“கலெக்டர் ஆபீஸ்ல இருந்து வாரேன். ஆவுடையப்பன்.” பெயரைச் சொன்னதும் அவள் முகம் மாறும் என்று எதிர்பார்த்தார். மாறவில்லை.

உள்ளேயிருந்து ஒரு ஆண் குரல் கேட்டது. “யாருட்டி வந்திருக்கது? நர்சம்மாவா?”

“இல்ல, ஆபீசரு!” என்று கத்தினாள் அவள். பிறகு இவரிடம், “எங்க வீட்டுக்காரரு. யாரு வந்தாலும் நர்சம்மாவான்னுதான் கேப்பாக. உள்ள வாங்க” என்றாள்.

கட்டிலில் சங்கிலிமாடன் படுத்திருந்தார். போர்வை முழங்காலுக்குக் கீழே ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. ஆவுடையப்பன் பார்வையை எடுத்துக்கொண்டார். எடுத்த பார்வையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

“சர்க்கரைப் புண்ணு, மூணு வருசமா” என்றாள் குருவம்மாள். “மொத ரெண்டு வருசம் வீட்ட விட்டு எறங்கினதில்ல. நர்சம்மா வாரத்துக்கு ரெண்டு வாட்டி வந்து கட்டுக் கட்டிட்டுப் போவாக. ஆறிட்டுத்தான் வந்துச்சி. அந்த ஆஸ்பத்திரிய மூடிட்டாவ. ரெண்டு மாசத்துல அழுகிப் போச்சி. ஐப்பசில கால எடுத்துட்டாவ. இப்பம் செவ்வாயும் வெள்ளியும் பெரியாஸ்பத்திரிக்கு இந்தப் பஸ்ஸுலதான் தூக்கிட்டுப் போறேன்.”

“அழைச்சா வேன் வருமே...”

“போன் பண்ணினா வரும்னாவ. இங்க சிக்னலு அந்தப் பாறைக்கு மேல ஏறினாத்தான் கெடைக்கும். அவுகள இங்க போட்டுட்டு நான் பாறைல ஏறட்டுமா?”

ஆவுடையப்பன் பொட்டலத்தைக் கை மாற்றிக்கொண்டார். “நீங்க... எனக்குக் கடுதாசி எழுதினீங்களே. மூணு கடுதாசி.”

“கடுதாசியா? எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். எழுதணும்னா அடுத்த வீட்டுப் பிள்ளையத்தான் கூப்பிடணும்.” கொஞ்சம் யோசித்தாள். “ஒருக்கப் பாறைல விறகு பொறுக்கிட்டு இருந்தேன், போன் வந்துச்சி. சம்மதம்னா ஒண்ண அமுக்கு, இல்லன்னா ரெண்ட அமுக்குன்னு ஒரு பொம்பளப்பிள்ள சொல்லிச்சி. எதுக்குச் சம்மதம்னு கேட்டேன், அது பாட்டுக்குச் சொன்னதையே சொல்லிச்சி. கையில விறகு. எத அமுக்கினேனோ. அப்புறமும் ரெண்டு வாட்டி வந்துச்சி. வழக்கமா அமுக்குறத அமுக்கிட்டு வச்சிட்டேன்.”

சங்கிலிமாடன் கட்டிலிலிருந்து கேட்டார். “சார், நர்சம்மா எப்ப வருவாக?”

முந்திரிக்கொத்துப் பொட்டலத்தைக் கட்டில் ஓரத்தில் வைத்தார். சர்க்கரை நோயாளி என்று நினைவு வந்து மறுபடி எடுத்தார். எடுப்பது அசிங்கமாகப் பட்டு மறுபடி வைத்தார். அவள் தந்த தண்ணீரைக் குடித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பஸ்ஸுக்கு வந்துவிட்டார். பாதி வழியில் சாரல் அடித்தபோதுதான் குடையை விட்டுவிட்டு வந்தது தெரிந்தது.

மறுநாள் காலை இழுப்பறையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

“இத யாரு எழுதினா?”

“நான்தான் ஐயா” என்றது தீர்வு. கொஞ்சமும் தயங்கவில்லை. “மனுதாரர் ‘ஒன்று’ அழுத்தினார். மனுதாரரின் கருத்தை அவர் சார்பில் விரித்து எழுதலாம் என்று விதி இருக்கிறது.”

“புருசன் உயிரோட இருக்கும்போது போயிட்டார்னு எழுத விதி இருக்கா?”

“கணவருடைய கைபேசி அப்போதே ஒன்றரை வருடமாகத் தொடர்பில் வரவில்லை. பேச்சும் இல்லை. மனுதாரர் துணையற்றவர் என்று கணித்தேன்.”

“கால் போய்க் கிடக்கார்யா மனுசன்! ஆஸ்பத்திரியில பதிவு இருக்குமே?”

“அது வேறு துறை ஐயா. இணைப்புக் கேட்டு எழுதியிருக்கிறோம்.”

ஆவுடையப்பன் கடிதத்தைத் திருப்பி வைத்தார். அடுத்த கேள்வியைக் கேட்க அவருக்குப் பயமாக இருந்தது. கேட்டுவிட்டால் அப்புறம் ஒன்றும் மிஞ்சாது.

“நேரத்துக்குச் சாப்பிடுங்கன்னு எழுதினியே, அது எதுக்கு?”

“நீங்கள் மதியம் சாப்பிடாத நாட்களில் ஆட்சேபணை அதிகமாக இருந்தது ஐயா. தனியாக இருப்பவர்களின் மனுக்களை நீங்கள் ஆட்சேபிப்பதில்லை. ஆட்சேபணையைக் குறைப்பது எனக்குக் கொடுக்கப்பட்ட இலக்கு. குருவம்மாள் பெயரில் எழுதியவற்றுக்கு நல்ல பலன் இருந்தது.”

அது கிண்டலாகச் சொல்லவில்லை, கெட்ட எண்ணத்திலும் சொல்லவில்லை. ஒருவர் ரயில் நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னது. ஆவுடையப்பனுக்கு அவமானத்தில் காது சூடானது. ஒன்றரை வருடமாக உலகத்தில் தன் மனதைத் தெரிந்த ஒரு ஜீவன் இருக்கிறது என்று நம்பியிருந்தார். அந்த நம்பிக்கைக்கு விலையாக ஒரு மனிதனின் கால் போயிருக்கிறது. எதற்கு அழுவது என்று தெரியாமல் இரண்டுக்கும் சேர்த்து அழுதார். பார்ப்பதற்குத்தான் அந்த மாடியில் யாரும் இல்லையே.

பிறகு சிவப்பு மைப் பேனாவைத் தேடினார். மூன்று வருடத்தில் மை காய்ந்திருந்தது. நாக்கில் தொட்டு, காகிதத்தில் கிறுக்கி, ஒருவழியாக எழுத வைத்தார். பஸ் கோப்பில் ஆட்சேபணை உண்டு. ரேஷன் கடைக்கும் சுகாதார நிலையத்துக்கும் நான் கொடுத்த இசைவு பிழையானது, அவற்றையும் மறுபடி திறக்க வேண்டும் என்று சேர்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அரை மணி நேரத்தில் ஆட்சியர் தமயந்தி அவரைக் கூப்பிட்டாள். முப்பத்திரண்டு வயது, கெட்டிக்காரி, நல்லவள். அதனால்தான் அவளிடம் பேசுவது கஷ்டமாக இருந்தது.

“பஸ் ஓடட்டும் சார், நானே சொல்லிடறேன். ஆனா பழைய ரெண்டும் ஆட்சேபணைக் காலம் முடிஞ்ச கோப்பு. திறக்கறது என் கையில இல்ல, மேல எழுதறேன்.” கேடயங்களை ஒரு முறை பார்த்துக்கொண்டாள். “ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. ஒரு நாளைக்கு உங்களுக்கு இருபது கோப்பு வருது. ஒவ்வொண்ணுக்கும் பஸ் ஏறிப் போயிப் பார்ப்பீங்களா?”

ஆவுடையப்பன் அதை விட்டுவிட்டார். “இனிமே அது கடுதாசி எழுதக் கூடாதுன்னு சொல்லுங்கம்மா” என்றார்.

“அதுக்கு விதியை மாத்தணும் சார். எழுதறேன்.”

பதினைந்து நாளில் ஆள் போய் விசாரித்து, பஸ் தொடரும் என்று உத்தரவு வந்தது. அடுத்த வாரம் தபாலில் ஒரு கடிதமும் வந்தது. கீழ்த்தளத்தில் இயந்திரம் அதைப் பிரித்துப் படமெடுத்துவிட்டு மேலே அனுப்பியிருந்தது. கோடு போட்ட நோட்டுத்தாளில் அடுத்த வீட்டுப் பிள்ளையின் கையெழுத்து.

“ஆபீசருக்கு. பஸ் வருது. நர்சம்மா எப்ப வருவாகன்னு எங்க வீட்டுக்காரர் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லல. நீங்க குடுத்த பலகாரத்த அவுக எனக்குத் தெரியாம தின்னுட்டு சர்க்கர ஏறிப்போச்சு. இனி கொண்டாராதீங்க. நீங்க விட்டுட்டுப் போன குடை இங்க இருக்கு. ஆட்டுக்குட்டி ஒரு கம்பிய வளச்சிட்டு. வந்து எடுத்துக்கிடவும். குருவம்மாள்.”

அவரைப் பற்றி ஒரு விசாரிப்பு இல்லை. சாப்பிட்டீர்களா இல்லை, ஐயா இல்லை, அன்பும் இல்லை. படித்ததும் அவருக்கு மனது விழுந்துவிட்டது. மறுபடி படித்தபோது கொஞ்சம் சிரிப்பு வந்தது. இதுதானே மனு. உண்மையான மனுதாரருக்கு ஆவுடையப்பன் எப்படி இருந்தால் என்ன? நர்சம்மா எப்போது வருவாள், அதுதான் கேள்வி. இன்னும் இரண்டு முறை படித்துவிட்டு, இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். ஞாயிற்றுக்கிழமை போய்க் குடையை வாங்கி வந்தார். நர்சம்மாவுக்காக எழுதியிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை என்று சங்கிலிமாடனிடம் நேராகச் சொன்னார். அதற்கு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்பிக்கொள்ள வேண்டியதுதான்.

புதன்கிழமை ஒரு புதுக் கோப்பு வந்தது. செம்மண்குளம் தொடக்கப் பள்ளியைப் பக்கத்து ஊரோடு சேர்ப்பது. வழக்கம்போல் குறிப்பைத் தள்ளிவிட்டு மனுவைத் திறந்தார். திரையில் கோடு போட்ட தாள், கோணல்மாணல் கையெழுத்து.

“ஆபீசருக்கு. பள்ளிக்கூடத்த சேக்குறதுல எங்களுக்கு ஒண்ணும் இல்ல. செய்யிறத சட்டுன்னு செய்ங்க. தெருக்குழாய்ல தண்ணி வரல, அதையும் பாருங்க. நீங்க விட்டுட்டுப் போன குடை இங்க இருக்கு. வந்து எடுத்துக்கிடவும். முப்பிடாதி.”

ஆவுடையப்பன் செம்மண்குளத்துக்கு ஜென்மத்தில் போனதில்லை. திரும்பிப் பார்த்தார். அவருடைய குடை, வளைந்த கம்பியோடு, நாற்காலிக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

“இதுவும் நீதானா?”

“ஆம் ஐயா. குருவம்மாள் கடிதத்தை நீங்கள் நான்கு முறை படித்தீர்கள். இந்த நடை உங்களுக்குப் பிடித்திருக்கிறது.”

இனி எந்தக் கடிதத்தைக் கையில் எடுத்தாலும், அன்பாக இருந்தாலும் ஏச்சாக இருந்தாலும், எதிர்ப்பக்கத்தில் ஆள் இருக்கிறதா என்று தெரியப்போவதில்லை. முப்பது வருடம் சோறு போட்ட பழக்கம் அந்த நிமிடத்தோடு செத்தது. ஆட்சியர் கேட்ட கேள்விக்குப் பதிலும் கிடைத்துவிட்டது. அவர் எழுந்து குடையை எடுத்தார்.

“செம்மண்குளத்துக்கு எத்தன மணிக்கு பஸ்?”

“பஸ் இல்லை ஐயா. சென்ற ஆண்டு ஆனி மாதம் நிறுத்தப்பட்டது.”

“யாரு நிறுத்தினா?”

“உத்தரவு என்னுடையது ஐயா. ஆட்சேபணை இல்லை என்பது தங்களுடையது.”

ஆவுடையப்பன் குடையின் வளைந்த கம்பியை விரலால் நிமிர்த்திப் பார்த்தார். நிமிரவில்லை. “எங்க எறங்கி எவ்வளவு தூரம் நடக்கணும்?”

“கீழூர் விலக்குச் சாலையில் இறங்கி நான்கு கிலோமீட்டர். வெயில் அதிகம் ஐயா. நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.”

வாசலில் அவர் ஒரு கணம் நின்றார். அந்த வார்த்தையைச் சொல்ல அவருக்கு உலகத்தில் வேறு யாரும் இல்லை. நூற்றுப் பதினோரு நாற்காலிகளையும் தாண்டி அது மறுபடி ஒருமுறை சொல்லியது. அவர் குடையை இடுக்கிக்கொண்டு படியிறங்கினார்.